பிறர் நெஞ்சு புகுதல்: நரம்பியல் பன்மையும் பள்ளி அரங்கின் அறமும்

நடிப்பவனிடத்து நிகழ்ந்த உணர்வு காண்பவனைச் சென்று சேர்வதே மெய்ப்பாடு என்னும் கருத்தைச் செயிற்றியனாரின் பெயரால் இளம்பூரணர் தம் உரையில் எடுத்தாள்கிறார். செயிற்றியம் இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை. ஆயினும் அந்நூலின் இவ்வொரு கருத்து, தமிழ் அரங்கியலைப் பற்றிய கட்டுரைகளில் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டப்பெறுகிறது. பெரும்பாலும் தொன்மைக்குச் சான்றாகவே அது நிறுத்தப்படுகிறது; அதனுள் உறையும் அறவியல் வினா எழுப்பப்பெறுவதில்லை. ஒருவனது உணர்வு மற்றொருவனைச் சென்றடைகிறது எனில், சென்றடைந்தது அதே உணர்வுதானா? காண்பவன் தன் நெஞ்சில் எழுந்ததையே பிறன் நெஞ்சில் உள்ளதாகக் கருதிக்கொண்டால், அப்பிழையை அவனுக்கு உணர்த்துவார் யார்?

இவ்வினா ஏட்டோடு நிற்பதன்று. நாடகத்தைப் பள்ளிக்குள் கொண்டுசெல்லும் முறை 1965-இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரிலுள்ள பெல்கிரேடு அரங்கில் ஓர் இயக்கமாக உருப்பெற்றது. நடிகராகவும் ஆசிரியராகவும் ஒருங்கே இயங்கும் குழுவினர் மாணவரிருக்கும் இடத்திற்கே சென்று, அவரை வெறும் பார்வையாளராக விட்டுவிடாமல் நிகழ்வினுள் ஈர்த்துக் கற்பிப்பது அதன் இயல்பு. புதுதில்லியிலுள்ள தேசிய நாடகப் பள்ளி 1989-இல் கல்விசார் அரங்கக் குழு ஒன்றைத் தோற்றுவித்தது. இவ்வகை அரங்கு எடுத்துக்கொண்ட பொருள்களுள் நரம்பியல் பன்மையும் இன்று ஒன்றாகியிருக்கிறது. வகுப்புத் தோழன் ஒருவன் ஏன் முகம் நோக்கிப் பேசுவதில்லை, மணியடிக்கும்போது ஏன் காதைப் பொத்திக்கொள்கிறான், வாய்விட்டு வாசிக்கச் சொன்னவுடன் ஒருத்தி ஏன் வயிற்றுவலி என்கிறாள் என்பவற்றை மேடையில் காட்டி, ஏனைய மாணவரிடம் பரிவை வளர்ப்பது இதன் நோக்கம்.

நோக்கம் நன்று என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்நாடகம் நிகழும் கூடத்தில் அமர்ந்திருப்போர் யாவர் என்பதை முதலில் எண்ண வேண்டும். 2017 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஆட்டிசத்தையும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளையும் தன் 21 வகைகளுள் அடக்கி, எல்லாக் குழந்தைகளும் ஒருங்கிருந்து கற்பதையே உள்ளடக்கிய கல்வி என வரையறுக்கிறது. இந்தியாவின் ஐந்து இடங்களில் குழந்தைகளிடையே நிகழ்த்தப்பெற்று 2018-இல் வெளியான ஆய்வொன்று, 6 முதல் 9 வயது வரையிலானோரில் நரம்பு வளர்ச்சி சார்ந்த ஒன்பது நிலைகளுள் ஏதேனும் ஒன்றை உடையோர் இடத்திற்கேற்ப 6.5 விழுக்காடு முதல் 18.5 விழுக்காடு வரை இருந்தனர் எனக் காட்டியது. பார்வை, செவிப்புலன் குறைபாடுகளும் இக்கணக்கில் அடங்கும். எவ்வாறு குறைத்து மதிப்பிட்டாலும், நாற்பது பேர் அமரும் வகுப்பில் அத்தகையோர் ஒருவரேனும் இருக்க வாய்ப்பு மிகுதி. அக்குழந்தைக்குத் தன்னிலை இன்னதென்று பெயர் சொல்லப்பட்டிருக்கலாம், சொல்லப்படாமலும் இருக்கலாம். எவ்வாறாயினும், அக்குழந்தையையும் எதிரே அமர்த்திக்கொண்டு அதனைப் படர்க்கையில் வைத்துப் பேசும் நாடகமே பள்ளிகளில் நிகழ்கிறது. இச்சூழலில் அரங்கு செய்யத்தக்கது எது, தகாதது எது என்பதே இக்கட்டுரையின் ஆய்பொருள்.

எச்சம் என்னும் சொல்

புறநானூற்றின் 28-ஆம் பாடல், உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்கு அறிவுறுத்தியது. மக்கட்பிறப்பில் நிகழும் எட்டுவகைக் குறைகளை அது தொகுத்து, அவற்றை ‘எச்சம்’ என்னும் பொதுப்பெயரால் சுட்டுகிறது. குருடு, கூன், குறள், ஊமை, செவிடு என உடலைச் சார்ந்தவற்றோடு ‘மருள்’ என்பதும் அப்பட்டியலில் இடம்பெறுகிறது. உடலின் குறையையும் மனத்தின் இயல்பையும் ஒரே வரிசையில் நிறுத்தி, இரண்டையும் முழுமையினின்று குறைந்தவையாகக் காணும் பார்வை அது. அக்காலப் புலவரைக் குறை கூறுவதற்காக இஃது இங்குச் சுட்டப்படவில்லை. இன்றைய சொற்களும் அப்பார்வையினின்று விலகிவிடவில்லை என்பதே நோக்கத்தக்கது. ஆட்டிசத்திற்குத் தமிழில் வழங்கும் ‘மதியிறுக்கம்’ என்னும் ஆக்கம் அறிவே இறுகிப்போனது என்னும் பொருளைத் தருகிறது. அரசு வழக்கிலுள்ள ‘புற உலகச் சிந்தனையற்ற’ என்னும் அடையோ அதனினும் கடுமையானது. மின்விசிறியின் சுழற்சியையும் தொடர்வண்டிகளின் கால அட்டவணையையும் நுணுகி நோக்கும் ஒரு சிறுவனைப் புற உலகச் சிந்தனையற்றவன் என்பது சொல்லளவிலேயே பிழை. அவன் நோக்கும் புறவுலகு மற்றவர் நோக்கும் புறவுலகு அன்று என்பதே உண்மை. ஆட்டிசம் என்னும் ஒலிபெயர்ப்பே இவற்றினும் ஊறு குறைந்தது என்பதால் இக்கட்டுரை அதனையே ஆள்கிறது.

நரம்பியல் பன்மை என்னும் கருத்து இவ்வெச்சப் பார்வைக்கு மறுப்பாகத் தோன்றியது. இச்சொல்லைப் பொதுவாக ஆஸ்திரேலியச் சமூகவியலாளர் ஜூடி சிங்கரின் 1998-ஆம் ஆண்டு ஆய்வேட்டுடன் இணைத்துக் கூறுவர். 1990-களில் ஆட்டிசமுடையோர் தமக்குள் நிகழ்த்திய உரையாடல்களில் கூட்டாக உருவானது என்று கூறுவோரும் உளர். பின்னது பொருத்தமாகத் தோன்றுகிறது. தம்மைப் பற்றிப் பிறர் ஆக்கிய சொற்களால் நெடுங்காலம் சுட்டப்பட்டவர்கள் தமக்குத் தாமே ஒரு சொல் ஆக்கிக்கொண்டார்கள் என்பதில்தான் அதன் ஆற்றல் உள்ளது. உயிரினப் பன்மையைப் போல மூளையமைப்பிலும் பன்மை இயல்பானது. ஒன்றை முழுமை என்றும் பிறவற்றை அதன் எச்சங்கள் என்றும் கொள்ளலாகாது என்பது அதன் சாரம். இக்கருத்து, ஒருவர்க்குத் துணையோ மருத்துவமோ தேவையில்லை என்று கூறுவதாகச் சிலர் பொருள்கொள்கின்றனர். பேச்சின்றி, முழுநேரத் துணையின்றி வாழ இயலாத குழந்தைகளின் பெற்றோர் எழுப்பும் அவ்வையம் புறந்தள்ளத்தக்கதன்று. ஆயினும் துணை தேவைப்படுவதும் குறைந்த மனிதராக எண்ணப்படுவதும் வெவ்வேறானவை.

நகையின் இருமுகம்

தொல்காப்பியர் நகைக்குக் கூறும் நான்கு களன்களில் எள்ளலும் பேதைமையும் உள்ளன. பரதரின் நாட்டிய சாத்திரம் நகைச்சுவைக்குரிய காரணங்களுள் உறுப்புக் குறையைக் காண்பதையும் வெளிப்படையாகச் சேர்க்கிறது. விதூடகனையே கூனும் குறளுமாய், பல் நீண்டவனாய், வழுக்கைத் தலையனாய் வரைந்து காட்டுகிறது. தெருக்கூத்தின் கட்டியங்காரன் திக்கிப் பேசியும் செவிடனாய் நடித்தும் சிரிப்பூட்டுவதைக் கண்டிராதார் குறைவு. இந்திய அரங்கு, வேறுபட்ட உடலையும் வேறுபட்ட மனத்தையும் நெடுங்காலமாகவே மேடையேற்றி வந்துள்ளது. சிரிப்பிற்காக ஏற்றியது என்பதே மறைக்கவியலாத வரலாறு. அரங்கு இயல்பாகவே பரிவை வளர்க்கும் கலை என்று கல்வித் திட்டங்கள் எழுதும்போது இவ்வரலாறு நினைவுகூரப்படுவதில்லை.

எனினும் மரபு முழுவதும் ஒரே முகமுடையதன்று. மருதக்கலியில் கூனியும் குறளனும் உரையாடும் பாடல் (கலி. 94) பலராலும் நகைச்சுவைக்குக் காட்டாகவே கூறப்பெறுவது. ஒருவர் உடலை மற்றவர் இழித்துரைக்கும் அப்பேச்சு படிப்போர்க்கு நகை விளைப்பது உண்மையே. ஆனால் இருவரும் மனம் ஒத்த நிலையில், அரண்மனையில் உள்ளோர் கண்டு நகாதிருக்க வேண்டும் என்னும் கவலை அங்கு எழுகிறது. அதுவரை நகைத்துக்கொண்டிருந்தவன் படிப்பவன். அக்கூற்றால் அவனும் அந்த அரண்மனையாருள் ஒருவனாகிவிடுகிறான். பாட்டிற்குள் இருப்போர் பாட்டிற்கு வெளியே இருப்பவனின் சிரிப்பை அறிந்திருக்கின்றனர். இப்பாடலை இயற்றியவர் அதனை அறவுரையாகக் கருதினார் எனக் கூறச் சான்றில்லை. ஆயினும் பள்ளி அரங்கிற்கு வேண்டிய நுட்பம் ஒன்று அதில் உள்ளது.

பேராசிரியர் எள்ளலை விளக்குமிடத்து, தான் பிறரை எள்ளி நகுதலோடு, பிறரால் எள்ளப்பட்டவழித் தான் நகுதலையும் ஒரு வகையாகக் கொள்கிறார். இரண்டாவது வகை உரைகாரரின் வகைப்பாட்டு ஆர்வத்தால் விளைந்த மிகை என்று தோன்றக்கூடும். பள்ளி வளாகத்தை உற்று நோக்கியவர்க்கு அவ்வாறு தோன்றாது. தன்னைச் சுற்றி நின்று சிரிப்பவரோடு தானும் சேர்ந்து சிரிக்கும் குழந்தை எப்பள்ளியிலும் உண்டு. அது மகிழ்ச்சியன்று. ஆட்டிசமுடைய பெரியவர்கள் தம் இளமையைப் பற்றி எழுதியவற்றில் ‘மறைத்து நடித்தல்’ என்பது மீண்டும் மீண்டும் வருகிறது: பிறர் எப்போது சிரிக்கின்றனர், எவ்வளவு நேரம் முகம் நோக்குகின்றனர் என்பதைக் கற்று அதனை நடித்தே நாளைக் கழித்து, வீடு திரும்பியதும் சோர்ந்து விழுதல். நடிப்பு என்பது மேடையில் தொடங்குவது என்று ஆசிரியர் கருதும் வேளையில், கூடத்தின் பின்வரிசையில் ஒரு குழந்தை காலை முதல் நடித்துக்கொண்டிருக்கிறது.

பொம்மைகள் கேட்ட வினா

ஆட்டிசமுடையோர்க்குப் பிறர் மனம் அறியும் திறன் இல்லை என்னும் கருத்து எங்கிருந்து பரவியது என ஆராயின், ஒரு சிறு பொம்மை நாடகத்தில் சென்று முடிகிறது. 1985-இல் சைமன் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, ஊட்டா ஃபிரித் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வில் சாலி, ஆன் என்னும் இரு பொம்மைகள் குழந்தைகளின்முன் நடிக்க வைக்கப்பெற்றன. சாலி தன் கோலிக்குண்டைக் கூடையில் இட்டுவிட்டு வெளியே செல்கிறாள். அவள் இல்லாதபோது ஆன் அதனைத் தன் பெட்டிக்குள் மாற்றிவிடுகிறாள். திரும்பி வரும் சாலி குண்டை எங்கே தேடுவாள் என்பது வினா. ஆட்டிசமுடைய 20 குழந்தைகளுள் 16 பேர், குண்டு உண்மையில் இருக்கும் இடத்தையே காட்டினர். இதிலிருந்து அக்குழந்தைகட்குப் ‘பிறர் மனக் கோட்பாடு’ இல்லை என்னும் முடிவு எழுந்து, பாடநூல்களிலும் பொதுமக்களிடத்தும் வேரூன்றியது.

எஞ்சிய நால்வர் சரியாகவே விடையளித்தனர் என்பது பின்னர் அவ்வளவாகப் பேசப்படவில்லை. வினாவின் மொழியமைப்பே சிலர்க்குத் தடையாகலாம் என்பதும், வேறுவகைச் சோதனைகளில் வேறு விளைவுகள் வந்தன என்பதும் பிற்கால ஆய்வாளரால் எடுத்துக்காட்டப்பெற்றன. அரங்கியல் நோக்கில் வேறொன்று கருதத்தக்கது. இந்நிகழ்வில் ஆட்டிசமுடைய குழந்தையே பார்வையாளர். மேடையும் நாடகமும் மற்றவருடையவை. ‘எங்கள் நாடகம் உனக்குப் புரிகிறதா’ என்பதே அங்குக் கேட்கப்பட்டது. ‘உன் நாடகம் எங்களுக்குப் புரிகிறதா’ என்று எவரும் கேட்கவில்லை.

இம்மறுவினாவை 2012-இல் முறைப்படி எழுப்பியவர், தாமும் ஆட்டிசமுடையவரான பிரித்தானியச் சமூகவியலாளர் டேமியன் மில்டன். இருவேறு இயல்புடையோர் சந்திக்கும்போது புரிதல் முறிவது ஒருவரின் குறையால் அன்று. இருபாலும் நிகழும் தவறுதல் அது என்றார் அவர். இதனை ‘இரட்டைப் பரிவுச் சிக்கல்’ என அழைத்தார். பெரும்பான்மையினர்க்கு இத்தவறுதலால் இழப்பில்லை. அவர்தம் வழக்கே உலக வழக்காதலின், தாம் புரிந்துகொள்ளத் தவறியதையே அவர்கள் அறியார். சிறுபான்மையினரோ ஒவ்வொரு நாளும் அதன் விலையைக் கொடுக்கின்றனர். பள்ளி அரங்கு கற்பிக்கத்தக்க பாடம் ஒன்று உண்டெனில் அஃது இவ்வறியாமையைப் பெரும்பான்மைக் குழந்தைகட்கு உணர்த்துவதே.

கூடுவிட்டுக் கூடு பாய்தல்

‘எம்பதி’ என்னும் ஆங்கிலச் சொல் மிக இளையது. 1873-இல் ராபர்ட் ஃபிஷர் என்னும் செருமானிய அழகியலாளர், கலைப்பொருளைக் காண்பவன் தன் உணர்வை அதனுள் செலுத்துவதைக் குறிக்க ஆண்ட சொல்லை, 1909-இல் டிச்னர் என்னும் உளவியலாளர் ஆங்கிலத்தில் அவ்வாறு ஆக்கினார். தூணையும் சிலையையும் நோக்குபவன் அவற்றுள் தன்னையே பெய்து காண்பதற்கான சொல், பின்னர் மனிதர் மனிதரை அறிவதற்கான சொல்லாயிற்று. தூண் மறுத்துரைப்பதில்லை. மனிதர் மறுத்துரைப்பர், அல்லது மறுத்துரைக்கும் வழியறியாது வாளாவிருப்பர். தமிழில் ‘ஒத்துணர்வு’ என்று மொழிபெயர்க்கும்போது இவ்விடர் பெருகுகிறது. ஒத்திருப்பதால் உணர்கிறோம் என்னும் பொருள் அதனுள் ஏறிவிடுகிறது. ஒவ்வாத ஒருவரை எவ்வாறு உணர்வது என்பதே இங்குள்ள வினா.

திருக்குறளின் இன்னாசெய்யாமை அதிகாரத்தில், பிறிதோர் உயிரின் நோயைத் தன் நோய் போலப் போற்றுதல் பேசப்படுகிறது. பிறன் நோய் தன் நோயாக மாறிவிடுவதை வள்ளுவர் கூறவில்லை. ‘போல்’ என்னும் உவம உருபு இரண்டிற்கும் இடையே ஒரு வெளியைக் காத்து நிற்கிறது. வினையும் ‘உணர்தல்’ அன்று, ‘போற்றுதல்’. பரிமேலழகர் அதனைக் காத்தல் என்னும் பொருளிலேயே கொண்டார். பிறனை அறிந்துவிட்டதாகக் கூறாமலே அவனைக் காக்க இயலும் என்பதற்கு அக்குறள் இடந்தருகிறது.

பள்ளி நிகழ்ச்சிகளில் மிகுதியாகக் கையாளப்படும் உத்தி இதற்கு நேர்மாறானது. கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கச் செய்தல், பேரொலிகளை ஒருங்கே ஒலித்து ‘இதுவே ஆட்டிசமுடையவன் கேட்கும் உலகு’ எனல், எழுத்துகளைச் சிதைத்துக் கொடுத்து வாசிக்கச் சொல்லுதல் ஆகியன கூடுவிட்டுக் கூடு பாயும் சித்தரின் ஆற்றலைக் கால்மணி நேரத்தில் வழங்க முயல்கின்றன. இத்தகைய பாவிப்புப் பயிற்சிகளை ஆராய்ந்து 2017-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, பங்கேற்றோரிடம் கனிவு கூடினும், அச்சமும் இயலாமை உணர்வும் உடன் மிகுந்தன என்றும், குறையுடையோரோடு பழகுவதில் அவர்தம் மனப்பான்மை மேம்படவில்லை என்றும் கண்டது. வியப்பில்லை. கால்மணி நேரம் கண்ணைக் கட்டிக்கொண்டவன் அறிவது, பார்வையை அப்பொழுதே இழந்தவனின் திகைப்பை. பார்வையின்றி வாழப் பழகியவனின் திறனை அன்று. தொல்காப்பிய வழக்கில் கூறுவதாயின் அப்பயிற்சி தருவது அழுகைகூட அன்று, இளிவரல். பிணியும் வருத்தமும் களனாக எழும் அம்மெய்ப்பாட்டில் இரக்கமும் அருவருப்பும் பிரிக்கவியலாது கலந்திருக்கின்றன.

மார்க் ஹேடனின் 2003-ஆம் ஆண்டு நாவலைத் தழுவி சைமன் ஸ்டீஃபன்ஸ் எழுதி 2012-இல் இலண்டன் தேசிய அரங்கில் மேடையேறிய, இரவில் கொல்லப்பட்ட நாயொன்றின் புதிரைத் துப்பறியும் பதினைந்து வயதுச் சிறுவனைப் பற்றிய நாடகம் இவ்வகையில் தனித்து ஆராயத்தக்கது. இங்கிலாந்தில் மாணவர்க்குரிய தேர்வுப் பாடநூலாகவும் அது இடம்பெற்றது. ஸ்விண்டனிலிருந்து இலண்டனுக்குத் தனியே செல்லும் கிறிஸ்டஃபரின் அச்சத்தை, கட்டங்களிட்ட மேடையும் ஒளியும் ஒலியும் எழுத்துவெள்ளமும் கொண்டு அவ்வரங்கேற்றம் பார்வையாளரின் மேல் பொழிந்தது. கூடு பாயும் உத்தியின் மிக உயர்ந்த வடிவம் அது. ஆனால் நாடகத்தின் வலிமை அவ்விடத்தில் இல்லை. கிறிஸ்டஃபர் எழுதிய நூலை அவன் ஆசிரியை வாசிக்கிறாள். அது நாடகமாக்கப்படுகையில் தன்னைப் பிறர் காட்டும் விதத்தை அவனே இடைமறித்துத் திருத்துகிறான். தன் கதை பிறர் கையில் இருப்பதை எதிர்க்கும் பாத்திரம் அவன். அவ்வாறிருந்தும் அப்பாத்திரத்தைத் தொடக்கத்தில் ஏற்று நடித்தவர்கள் ஆட்டிசமுடையோராக அறியப்பட்டவரல்லர். அமெரிக்காவில் 2017-இல் மிக்கி ரோ என்னும் நடிகர் அதனை ஏற்றபோது, ஆட்டிசமுடையவர் எனத் தம்மை வெளிப்படுத்திக்கொண்டு அங்கு அவ்வேடத்தை நடித்த முதல்வராக அவர் பேசப்பட்டார். நடிப்புக் கலை என்பதே தானல்லாத ஒருவனாதல் என்னும் வாதம் வலிமையுடையதே. அதனை முற்றிலும் மறுத்தால் அரங்கு இல்லை. ஆனால் அவ்வாதம் ஒரு திசையில் மட்டுமே செயற்படுகிறது. ஆட்டிசமுடைய நடிகர்க்கு ஏனைய வேடங்கள் வழங்கப்பெறாத அரங்கில், அவர்க்குரிய ஒரே வேடத்தையும் கலைச் சுதந்திரத்தின் பெயரால் பிறர் கொள்வது அறமாகாது.

யாருடைய இடத்தில் நிற்பது?

பள்ளிச் சிறார்க்கெனவே உருவானவற்றுள் நெடுங்காலம் நிலைத்தது, 1977-இல் வாஷிங்டனில் பார்பரா ஐயெல்லோ என்னும் சிறப்புக் கல்வி ஆசிரியை தொடங்கிய ‘கிட்ஸ் ஆன் த பிளாக்’ என்னும் பொம்மலாட்டக் குழு. குறையுடைய குழந்தைகட்கும் பொதுப்பள்ளியில் கல்வி வழங்க வேண்டுமென 1975-இல் அமெரிக்கச் சட்டம் இயற்றப்பட்டதை அடுத்து, அவர்களை எதிர்கொள்ள ஏனைய மாணவரை ஆயத்தப்படுத்த இக்குழு முனைந்தது. கறுப்பு உடையணிந்த கலைஞர் மறைவின்றிப் பின்னின்று இயக்கும் ஜப்பானிய புன்ராகு முறையை அது தழுவியது. சக்கர நாற்காலியில் வரும் மூளை முடக்குவாதமுடைய சிறுவனும் குறையேதுமில்லாத அவன் தோழியரும் அங்குப் பொம்மைகளே. சிறு காட்சி முடிந்ததும் மாணவர் பொம்மையை நோக்கி வினவுவர்: இரவில் எப்படி உறங்குவாய்? உன்னைப் பார்த்துச் சிரித்தால் என்ன செய்வாய்? மனிதரிடம் கேட்க நாணும் வினாவைப் பொம்மையிடம் கேட்கக் குழந்தை நாணுவதில்லை. இம்முறையின் பயன் மறுக்கத்தக்கதன்று.

2019 பிப்ரவரியில் இலண்டனின் சதர்க் பிளேஹவுஸில் அரங்கேறிய அலெக்ஸ் ஓட்ஸின் ‘ஆல் இன் எ ரோ’ என்னும் நாடகத்தை இதனோடு வைத்து நோக்கலாம். இது சிறார்க்கானதன்று, ஆயினும் அதே உத்தியின் மறுமுகத்தைக் காட்டுவது. பேச்சில்லாத பதினொரு வயதுச் சிறுவன் பொம்மையாகவும், அவன் பெற்றோரும் துணையாளரும் மனித நடிகராகவும் அதில் தோன்றினர். ஆட்டிசமுடையோர் பலர் கடுமையாக எதிர்த்தனர். பிரித்தானியத் தேசிய ஆட்டிச அமைப்பும் அந்நாடகத்தை ஆதரிக்க இயலாதென்றது. உணர்ச்சி மிகுந்த வேடத்தைக் குழந்தை நடிகரிடம் நாளும் சுமத்தலாகாது என்னும் நடைமுறைக் காரணமும் உண்டு, அது பொருட்படுத்தத்தக்கதே. ஆனால் எல்லாரும் பொம்மையாக இருக்கும் மேடையில் பொம்மை என்பது வெறும் ஊடகம். ஒருவன் மட்டும் பொம்மையாக இருக்கும் மேடையில் அஃது அவனைப் பற்றிய கூற்றாகிவிடுகிறது. இவ்வேறுபாட்டைக் குழந்தைகள் பெரியோரினும் விரைவில் உணர்வர்.

அகஸ்டோ போவாலின் மன்ற அரங்கு இன்று கல்வியாளர் பலரும் பரிந்துரைக்கும் மற்றொரு வழி. 1985 முதல் மேற்கு வங்கத்தில் இயங்கிவரும் ஜன சன்ஸ்கிருதி இந்தியச் சிற்றூர்களில் அதனை வேரூன்றச் செய்தது. ஒடுக்கப்படுவோன் தோல்வியுறும் காட்சியை நடித்துக் காட்டி, மீண்டும் நடிக்கையில் பார்வையாளர் இடைமறித்து மேடையேறி, அவனிடத்தில் நின்று வேறு செயல் செய்து பார்ப்பர். ஒடுக்குவோனின் இடத்தில் நிற்றலாகாது என்பது அடிப்படை விதி. அநீதிக்கு எதிராகப் போராடுவார்க்கு இவ்விதி பொருந்தும். நரம்பியல் பன்மை பாடுபொருளாகும்போது இதே விதி தீங்காக முடியக்கூடும். கேலிக்குள்ளாகும் ஆட்டிசச் சிறுவனின் இடத்தில் அவ்வியல்பில்லாத மாணவன் ஒருவன் ஏறி நிற்கிறான். நிமிர்ந்து பார்க்கிறான், தெளிவாகப் பேசுகிறான், கேலி செய்தவனை வாதில் வெல்கிறான், அவை கைதட்டுகிறது. கூடத்தில் அமர்ந்துள்ள உண்மையான சிறுவன் அதிலிருந்து பெறுவது ஒன்றே: ‘நீ நீயாக இல்லாதிருந்தால் இச்சிக்கலே இல்லை.’ ஆகவே இங்கு இடைமறிக்க வேண்டிய இடம் வேறு. கேலி நிகழ்கையில் அருகே நின்று சிரித்தவனின் இடம், பார்த்தும் பாராததுபோல் சென்ற தோழியின் இடம், ‘முகத்தைப் பார்த்துப் பேசு’ என்று அதட்டிய ஆசிரியரின் இடம். அவ்விடங்களில் மாணவரை ஏற்றி, வேறு என்ன செய்திருக்கலாம் என வினவும்போது எவர் நெஞ்சிலும் புக வேண்டிய தேவையில்லை. அவரவர் நின்ற இடத்திலேயே அவரவர் நிற்கின்றனர். கலித்தொகையில் அரண்மனையாரைச் சுட்டும் கூற்று செய்ததை இவ்வுத்தியும் செய்கிறது.

ரூசோ 1758-இல் தலம்பேருக்கு எழுதிய புகழ்பெற்ற மடலில், நாடகத்தில் அழுதவன் தன் கடமையை அழுகையாலேயே தீர்த்துவிட்டதாக எண்ணி வீடு திரும்புகிறான் எனச் சாடினார். அவர் அரங்கையே மறுத்தது மிகை. ஆயினும் பள்ளி விழாவில் இத்தகைய நாடகம் முடிந்து கண்களைத் துடைத்துக்கொள்ளும் பெரியோர் மறுநாள் சேர்க்கைப் படிவத்தில் அத்தகைய குழந்தையின் பெயரைக் கண்டதும் தயங்குவது அவர் சாடலுக்கு இன்றும் இடந்தருகிறது.

அவையின் அமைதி

மேடையைப் பற்றியே பேசிய இவ்வாய்வு அவையையும் நோக்க வேண்டியுள்ளது. நியூயார்க்கின் பிராட்வேயில் ‘த லயன் கிங்’ நாடகத்தின் ஒரு காட்சி 2011 அக்டோபரில் ஆட்டிசமுடையோர்க்கென மாற்றியமைக்கப்பெற்றது. பேரொலிகள் குறைக்கப்பட்டன, கண்ணைக் குத்தும் விளக்குகள் தவிர்க்கப்பட்டன, அமைதி நாடுவோர்க்குத் தனியிடம் ஒதுக்கப்பட்டது, எழுந்து நடக்கவும் ஒலியெழுப்பவும் எவர்க்கும் தடையில்லை. இத்தகைய ‘தளர்வுக் காட்சிகள்’ பின்னர் பல நாடுகளிலும் பரவின. பரிவைப் போதிக்கும் பள்ளி நாடகமோ, அசையாது கைகட்டி அமர்ந்து கேட்கும் ஒழுங்கை முதலில் விதித்துவிட்டே திரை விலக்குகிறது. ஆட்டிசத்தைப் பற்றிய காட்சியின்போது இருக்கையில் முன்னும் பின்னும் அசைந்த குழந்தையைக் கண்டித்து அமர்த்தும் ஆசிரியர், அந்நாடகம் சொல்ல வந்ததை அக்கணத்திலேயே மறுத்துவிடுகிறார்.

அசையாமல், பேசாமல், இருளில் அமர்ந்து காணும் வழக்கம் அரங்கின் இயற்கையன்று. 1876-இல் பைராய்த்தில் வாக்னர் அவையின் விளக்குகளை அணைத்து நாடகம் நிகழ்த்தியது பெரும் புதுமையாகப் பேசப்பட்டது. விடிய விடிய நிகழும் தெருக்கூத்தின் அவையினர் இன்றும் அவ்வொழுங்கை ஏற்றவரல்லர். பாயை விரித்துக் கிடப்போர், பாதியில் உறங்கி அரக்கன் வரவில் விழிப்போர், தேநீர் அருந்தச் சென்று திரும்புவோர், தாளத்திற்கேற்ப ஓரத்தில் தாமே ஆடுவோர் என அக்களம் எப்போதும் அசைந்துகொண்டேயிருக்கிறது. அங்கே ஒரு சிறுவன் எழுந்து, கைகளை உதறியபடி, விளக்கைச் சுற்றிச் சுற்றி நடந்தால் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை, கட்டியங்காரனின் கண்ணில் அவன் படாத வரையில்.